கடைசி இரண்டடி

கோரோசனை தெரியாத ஆயாக்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. குழந்தைக்கு மாந்தமா, சளியா, ராத்திரி முழுக்க அழுகையா, நாட்டு மருந்துக் கடையில் ஒரு துளி கோரோசனை வாங்கி வந்து தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவிவிடுவார்கள். இன்றைக்குக் கடையில் விற்பதில் அசல் எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்பது தனிக்கதை. அசல் கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பைக்குள் விளைந்த கல். பொன்மஞ்சளும் பழுப்புமாக, உடைத்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும்.

அப்படியென்றால் பித்தப்பைக்குள் கல் விளையும் என்ற விஷயம் நம் வீடுகளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மாட்டுக்கு விளையும், அது மருந்து. மனுஷருக்கும் விளையும், அது நோய் என்பதற்கு மட்டும் வீட்டுத் தமிழில் ஒரு சொல் இல்லை. ‘கல்லடைப்பு’ என்றால் இன்றும் சிறுநீர்க் கல்தான். வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லும் கல். பித்தப்பைக் கல் ஸ்கேன் சென்டர்கள் வந்த பிறகு நம் பேச்சுக்குள் வந்த சொல்.

அந்தக் கல் செய்யக்கூடிய விசித்திரமான காரியம் ஒன்று உண்டு. பித்தப்பையை விட்டு வெளியே வந்து, குடலுக்குள் இறங்கி, ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசியில் குடலையே அடைத்துக்கொண்டு நிற்கும். டாக்டர்கள் இதை ‘கால்ஸ்டோன் இலியஸ்’ என்கிறார்கள். பெயரே தப்பு. இலியஸ் என்றால் குடல் அசைவற்றுப் போவது. இங்கே குடல் அசையாமல் இல்லை, அடைபட்டதைத் தள்ளப் பார்த்து வெறிகொண்டு முறுக்குகிறது. ஆனால் ஒரு வேரியபிளுக்குத் தப்பாகப் பெயர் வைத்து, அதை நூறு இடத்தில் பயன்படுத்திய பிறகு மாற்ற முடியாது என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். மருத்துவத்திலும் அதே கதைதான். நான் இந்தக் கட்டுரையில் பித்தக்கல் குடலடைப்பு என்றே எழுதுகிறேன்.

கல் எப்படிக் குடலுக்குள் போகிறது? பித்தநாளம் வழியாகத்தானே என்று தோன்றும். அந்த வழியில் கடுகளவு, மிளகளவு கற்கள் போகலாம். குடலை அடைக்க வேண்டுமென்றால் பொதுவாக இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். அவ்வளவு பெரியது நாளத்தில் நுழையாது. அது வேறு வழி போடுகிறது. பித்தப்பைக்கு ஒட்டினாற்போல முன்சிறுகுடல் இருக்கிறது. பெரிய கல் வருஷக்கணக்கில் பித்தப்பைச் சுவரை அழுத்தி அழுத்திப் புண்ணாக்கும். அடிக்கடி அழற்சி வந்து, பித்தப்பையும் குடலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் சுவர் அரித்து, ஒருநாள் ஓட்டை விழும். கல் அந்த ஓட்டை வழியாகக் குடலுக்குள் விழுந்துவிடும்.

அன்றைக்கு நோயாளிக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம். பல மாசமாக வலது விலாவுக்குக் கீழே இருந்த வலி குறைந்திருக்கும்.

பிறகு பயணம். சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர். ஏறக்குறைய ஒரு காஞ்சிபுரம் பட்டுப்புடவை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அகலம், போகப்போகக் குறுகல். கல் ஓரிடத்தில் நிற்கும். வலிக்கும், வாந்தி வரும். குடல் பின்னாலிருந்து அமுக்கினால் நகர்ந்துவிடும், வலி போய்விடும். ரெண்டு மணி நேரமோ ரெண்டு நாளோ கழித்து இன்னொரு இடத்தில் நிற்கும். இப்படி நின்று நின்று போய், பெரும்பாலும் சிறுகுடலின் கடைசி இரண்டடியில் வந்து மாட்டிக்கொள்ளும். அங்கேதான் குடல் மிகக் குறுகல், தள்ளும் விசையும் குறைவு. தறியில் பாவு நூலில் ஒரு முடிச்சு விழுந்தால், அது விழுதைத் தாண்டி வந்துவிடும். அச்சில் வந்து சிக்கும். அச்சில்தான் இடுக்கு பொடிசு. (தறிக்கும் பித்தக்கல்லுக்கும் மருத்துவரீதியாகத் தொடர்பு உண்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்துக்காரனுக்கு உவமை வேறெங்கிருந்து வரும்?)

இந்த விட்டு விட்டு வரும் தன்மைதான் ஆபத்து. சாஃப்ட்வேரில் எப்போதும் வருகிற பிழையை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். எப்போதாவது வந்து, நாம் பார்க்கும்போது காணாமல் போகிற பிழைதான் வாரக்கணக்கில் ஆளைக் கொல்லும். இங்கே கொல்லும் என்பது உருவகம் அல்ல.

*

நம் பக்கத்துக்கு வருவதற்கு முன்னால், இந்த நோயை முதலில் யார் பார்த்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1654இல் தாமஸ் பார்த்தொலின் என்ற டென்மார்க் மருத்துவர், பிரேதப் பரிசோதனை ஒன்றில், பித்தப்பைக்கும் குடலுக்கும் நடுவே வழி விழுந்து கல் குடலுக்குள் வந்திருப்பதைப் பார்த்து எழுதினார். அது முதல் பதிவு. அதன் பிறகு ஏறத்தாழ இருநூறு வருஷம் இந்த நோயைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பிணவறை அறிவுதான். செத்த பிறகு திறந்து பார்த்தால் கல் இருக்கும். உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்க வழி இல்லை. கண்டுபிடித்தாலும் வயிற்றைத் திறக்கும் துணிச்சல் இல்லை. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் வருகின்றன.

‘நம்ம சுஸ்ருதர் அப்பவே செஞ்சுட்டாரே’ என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன். சுஸ்ருத சம்ஹிதையில் பத்தகுதோதரம் என்று ஒரு வயிற்று நோய் வருகிறது. உணவோடு போன மயிரும் கல்லும் குடலை அடைத்து, வயிறு உப்பி, மலம் போகாமல் நிற்கும் நிலை. அதற்குச் சொல்லும் சிகிச்சை: தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் அறுத்து, குடலை வெளியே எடுத்துப் பார்த்து, அடைத்திருக்கும் கல்லையோ மயிரையோ நீக்கி, தேனும் நெய்யும் தடவி, குடலை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். பக்கத்திலேயே குடல் ஓட்டையாகும் இன்னொரு நோய்க்கு, பெரிய எறும்புகளை விட்டுக் கடிக்கவைத்து, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையைத் தையலாக விடும் முறை வருகிறது. ஆச்சரியமான பக்கங்கள். ஆனால் அந்தக் கல் சோற்றில் கிடக்கும் கல், பித்தப்பையில் விளைந்தது இல்லை. குடலில் அடைத்ததை வெட்டி எடுக்கலாம் என்ற எண்ணம் இங்கே இருந்தது. அது எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு ஏடுகளில் இல்லை. கணக்கு இருந்திருந்தால் அடுத்தவன் அங்கிருந்து தொடங்கியிருப்பான்.

கணக்கு வைத்தவர் லுட்விக் கூர்வாசியே. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அறுவை மருத்துவர். ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி சேகரித்தவர். 1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கென்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக அகற்றியிருந்தார். அந்தப் புதுக் காலத்தில், எட்டு வருஷம் கழித்து, கூர்வாசியே பித்தப்பாதை நோய்களைப் பற்றி எண்களால் நிறைந்த ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் பித்தக்கல் குடலடைப்பு மட்டும் 131 பேர். இறந்தவர்கள் 44 விழுக்காடு. பூச்சிகளைக் குத்தி வகைப்படுத்துகிற அதே பொறுமையோடு அவர் மரணங்களையும் வகைப்படுத்தினார் என்று எனக்குத் தோன்றும். அந்த 44 என்ற எண்தான் பின்னால் வந்த ஒவ்வொருவரும் தன்னை ஒப்பிட்டுப் பார்த்த எண்.

இவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதில் ஒரு திருப்பம் இருக்கிறது. அடைபட்ட குடலில் விஷம் ஊறி ரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்கிறது என்று பலர் நம்பினார்கள். 1912இல் ஹார்ட்வெல், ஹோகே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நாய்களின் குடலைக் கட்டி அடைத்துப் பார்த்தார்கள். தினமும் நிறைய உப்புநீர் ஏற்றிய நாய்கள், ஏற்றாத நாய்களைவிட வெகுநாள் பிழைத்திருந்தன. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று அழுகாதவரை, முக்கியமான எதிரி நீரிழப்புதான். வாந்தியிலும், உப்பிய குடலுக்குள்ளும் உடம்பின் தண்ணீரும் உப்பும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கல் குடலைக் கிழிப்பதற்கு முன்னாலேயே எழுபது வயது உடம்பின் சிறுநீரகம் நின்றுபோகலாம். ஆகவே சிகிச்சையின் முதல் கருவி கத்தி இல்லை, உப்புநீர் பாட்டில்.

இரண்டாவது கருவி மூக்கு வழியாக இரைப்பைக்குள் போகும் குழாய். நம் ஆஸ்பத்திரிகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என்று ஆயாம்மாவுக்குக்கூடத் தெரிந்த அந்தக் குழாய், ஜான் ரைல் என்ற ஆங்கில மருத்துவர் இரைப்பைச் சாறை எடுத்துச் சோதிப்பதற்காக 1921இல் எழுதி வைத்தது. மூக்குக் குழாய் வழியாக உறிஞ்சி, உப்பிய குடலின் அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று 1930களின் தொடக்கத்தில் காட்டியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓவன் வாங்கன்ஸ்டீன். அதே பல்கலைக்கழகத்தில்தான் எக்ஸ்ரே துறைத் தலைவராக லியோ ரிக்லர் இருந்தார். இது தற்செயலா? குடலடைப்பைப் பற்றியே மூச்சு விடுகிற ஒரு அறுவைத் துறை பக்கத்தில் இருந்தால், எக்ஸ்ரே பார்ப்பவரின் கண்ணும் அதற்குப் பழகித்தானே ஆகும்.

1941இல் ரிக்லரும் இரண்டு சகாக்களும் எழுதிய கட்டுரை இந்த நோயைப் பிணவறையிலிருந்து படுக்கைக்குக் கொண்டுவந்தது. சாதாரண வயிற்று எக்ஸ்ரேயில் மூன்று விஷயம் தேடுங்கள் என்றார்கள். குடல் அடைபட்டு உப்பியிருப்பது. பித்தநாளங்களில் காற்று. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கல். இதில் பித்தநாளக் காற்றுதான் அழகான தடயம். குடலில் காற்று இருப்பது இயல்பு, பித்தநாளத்தில் இருக்கவே கூடாது. இருந்தால் இரண்டுக்கும் நடுவே எங்கோ கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். கல்லீரல் நிழலுக்குள் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகள் மாதிரி கறுப்பாகத் தெரியும். (ஏற்கனவே பித்தநாளத்தில் எண்டோஸ்கோப்பி சிகிச்சை செய்தவர்களுக்கும் இப்படிக் காற்று இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.) மூன்றில் இரண்டு தெரிந்தாலே போதும், ஏறக்குறைய உறுதி. அந்த மூன்றுக்கும் இன்று ரிக்லரின் முக்குறி என்று பெயர்.

நடைமுறையில் மூன்றும் சேர்ந்து தெரிவது குறைவு. பித்தக்கற்களில் பெரும்பாலானவற்றில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு கிடையாது. கல் இருக்கும், படத்தில் இருக்காது.

*

இப்போது மாகறல்.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். ராஜேந்திர சோழன் துரத்திய பொன்னுடும்பு ஒன்று புற்றுக்குள் நுழைந்ததாகவும், அந்த இடத்தில் சிவன் வெளிப்பட்டதாகவும் தலபுராணம். லிங்கம் உடும்பின் வால் மாதிரிதான் இருக்கும். நோய் தீர வேண்டி இந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. இந்த ஊரில் எழுபது வயது ஆயா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். பித்தக்கல் குடலடைப்பு அதிகம் தாக்குவது இந்த வயதுப் பெண்களைத்தான் என்பது மட்டும் கற்பனை இல்லை. அந்த ஆயாவை வெவ்வேறு காலத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கூர்வாசியேவின் புத்தகம் வந்த 1890. ஆயாவுக்கு வயிறு முறுக்குகிறது. ஓமத்தண்ணி. விளக்கெண்ணெய். அதுவும் கேட்கவில்லை என்றால் தொக்கம் எடுக்கிறவர். சென்னை ஜி.ஹெச். அப்போதே இரண்டு நூற்றாண்டுப் பழசு, ஆனால் மாகறலிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். வாந்தி எடுக்கும் உடம்பை மாட்டு வண்டியில் ஏற்றி எவ்வளவு தூரம்? போனாலும், கூர்வாசியேவின் கணக்கிலேயே நூற்றுக்கு 44 பேர் செத்த நோய் இது.

இதில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. அந்த 1890க்கு 23 வருஷம் முன்னாலேயே தமிழில் ஒரு முழு அறுவை மருத்துவப் பாடநூல் வந்துவிட்டது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தன் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்தவர், டிரூயிட்டின் ஆங்கில நூலை 1867இல் ‘இரண வைத்தியம்’ என்று மொழிபெயர்த்து அச்சிட்டார். உலகத்தில் யாரும் பித்தப்பையை அகற்றியிருக்காத காலம் அது. அறுவை சிகிச்சை அடிவயிற்றுக்குள் துணிந்து நுழைவதற்கு முன்னாலேயே அதற்கான தமிழ் தயாராகிக்கொண்டிருந்தது. நுழைந்த பிறகு வந்த அறிவு தமிழில் தொடர்ந்து வரவில்லை. கிறீனுக்குப் பின் அந்தப் பள்ளியில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றது. ‘பித்தப்பை ஓட்டையாகி கல்லு குடல்ல விழும்’ என்ற வாக்கியம் தமிழில் பரவலாகப் புழங்கியிருந்தால் ஆயாவின் வீட்டில் ஒருவராவது அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் முன்னாடி கிளம்பியிருப்பார்கள்.

ரிக்லரின் 1941. சென்னை ஜி.ஹெச்.சில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934லேயே வந்துவிட்டது. கருவி இருந்தது. ஆனால் கருவி பதில் சொல்ல வேண்டும் என்றால் யாராவது கேள்வி கேட்க வேண்டும். தென்னகத்தில் குடலடைப்பு என்று வந்தால் டாக்டரின் மனசு முதலில் போகும் இடங்கள் வேறு: குடலிறக்கம், பழைய ஆபரேஷனின் ஒட்டல்கள், குடல் காசநோய், குழந்தைகளென்றால் நாக்குப்பூச்சிப் பந்து. இந்த வரிசை தப்பில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒன்றுதான். பித்தக்கல் வரிசையின் கடைசியில், சில சமயம் வரிசைக்கே வெளியில்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1968இல் எஸ். எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர் இந்திய ரயில்வே ஊழியர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். பித்தக்கல் நோய் தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் ஏழு மடங்கு அதிகம். ரயில்வே ஒரு நல்ல ஆய்வுக்கூடம். ஒரே முதலாளி, ஒரே மாதிரி மருத்துவ வசதி, ஊர் மட்டும் வேறு வேறு. ஏழு மடங்கு என்ற எண் அப்படியே நம் டாக்டர்கள் மனசில் உட்கார்ந்துவிட்டது. எண்ணிக்கை மட்டும் வித்தியாசம் இல்லை, கல்லின் ஜாதியும் வேறு. வடக்கில் கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி. தெற்கில், 1990களில் சென்னையில் வி. ஜெயந்தி முதலிய குடல்நோய் மருத்துவர்கள் செய்த ஆய்வுகள் காட்டியபடி, நிறமிக் கற்களின் பங்கு கணிசம். நிறமிக் கற்கள் பெரும்பாலும் சின்னவை, கறுத்தவை, நொறுங்குபவை. குடலை அடைக்கும் அளவுக்குத் தனிக்கல்லாக வளர்வது அதிகமும் கொலஸ்ட்ரால் சேர்ந்த கற்கள்தான். ஆகவே நம் ஊரில் இந்த நோய் அரிதிலும் அரிது என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அரிது என்பது இரண்டு விதமாக வேலை செய்யும். உண்மையிலேயே குறைவாக வருவது ஒன்று. குறைவாக வரும் என்று நம்புவதால் தேடாமல் விட்டு, தேடாததால் கிடைக்காமல், கிடைக்காததால் இன்னும் குறைவு என்று நம்புவது இன்னொன்று. அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது, வேறு திசையில். பாடநூல்கள் பல பதிப்புகளாக, சிறுகுடல் அடைப்பில் 1 முதல் 4 விழுக்காடு பித்தக்கல்லால் என்று எழுதிவந்தன. 2004 முதல் 2009 வரை அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை மொத்தமாக எடுத்து எண்ணிய ஒரு ஆய்வில், முப்பத்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குடலடைப்புகளில் வெறும் 3268. ஆயிரத்தில் ஒன்று. பெரிய மருத்துவமனைகள் தங்களுக்கு வந்ததை வைத்துப் போட்ட கணக்கு மொத்த ஜனத்தொகையின் கணக்கு ஆகாது. நம்மிடம் அப்படி மொத்தமாக எண்ணக்கூடிய தரவே இல்லாதபோது, மல்ஹோத்ராவின் ஏழு மடங்கை வைத்துக்கொண்டு ஒரு ஆயாவின் வயிற்றைப் பற்றி முடிவெடுப்பது எப்படி?

அதிலும் இப்போது சாப்பாடும் மாறிவிட்டது, ஆயுளும் நீண்டுவிட்டது. அதிகம் பேர் எழுபதைத் தாண்டுகிறார்கள். கல் பெரிதாக வளர வருஷங்கள் வேண்டும். அந்த வருஷங்கள் இப்போது கிடைக்கின்றன.

இன்னொரு தாமதம் வீட்டுக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குடலேத்தம் என்று ஒரு வார்த்தை உண்டு. குடல் மேலே ஏறிக்கொண்டது என்று பொருள். அதற்கு எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொண்டையிலோ வயிற்றிலோ எதுவோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழாய் வைத்து ஊதியோ உறிஞ்சியோ, ஏதோ ஒரு பழைய சோற்றுத் துணுக்கை எடுத்துக் காட்டுவார்கள். இதை நக்கல் அடிப்பது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ‘உள்ளே ஏதோ ஒன்று வழியில் சிக்கிக்கொண்டிருக்கிறது’ என்பது இந்த நோய்க்கு அச்சு அசலான நோயறிதல். ஆயாவின் நோயை மிகச் சரியாக ஊகித்தது தொக்கக்காரர்தான். சிகிச்சைதான் தப்பு. அதுவும் எவ்வளவு மோசமான தப்பு என்றால், நீவிவிட்ட பிறகு கல் தானாகவே நகர்ந்து ஆயாவுக்கு வலி நின்றுவிடலாம். வைத்தியம் பலித்தது! ரெண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் கல் கடைசி இரண்டடியில் உடும்பாகப் பிடித்துக்கொள்ளும். ‘போன வாட்டி அவர்கிட்டதான் சரியாச்சு’ என்று மறுபடி அங்கேயே போவார்கள். ஆங்கில மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ கேட்டு வாங்கிப் போடுவதும் இதே கதைதான். நீவுகிறவருக்குப் பதில் பிளாஸ்டிக் உறை.

நோயாளிகள் அறிகுறி தொடங்கி நாலைந்து நாள் கழித்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவது உலகம் முழுக்க எழுதப்பட்ட ஒன்று. அது மாகறலின் குற்றம் இல்லை. நோயே அப்படி விட்டு விட்டு ஏமாற்றுகிறது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மஞ்சள் காமாலையோ பித்தப்பை நோய் வரலாறோ இருக்காது. கேட்டாலும் ஆயா சொல்லும் பதில், ‘எனுக்கு ஒண்ணுமில்ல கண்ணு, வாயுதான்.’

*

இன்றைக்கு அதே ஆயா. 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. முதலமைச்சர் காப்பீடு 2012இல். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965லிருந்தே இருக்கிறது. காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலிருந்து அங்கேயோ சென்னைக்கோ அனுப்புவார்கள். சிடி ஸ்கேன் எடுத்தால் பித்தநாளக் காற்றும், பித்தப்பை சுருங்கிக் குடலோடு ஒட்டியிருப்பதும், கல் நிற்கும் இடமும், அதற்கு மேலே உப்பிய குடலும் கீழே சுருங்கிய குடலும் ஒரே படத்தில் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிய கல்லை, தேடத் தெரிந்த கண்ணுக்குச் சிடி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 1890இல் பிணவறையில் தெரிந்தது இப்போது பத்து நிமிஷத்தில் தெரிகிறது. ஆயா ஸ்கேன் மேசைக்கு எத்தனையாவது நாளில் வந்து சேர்கிறார் என்பதுதான் மிச்சம் இருக்கும் கணக்கு.

சேர்ந்த பிறகும் உடனே கத்தி எடுப்பதில்லை. ஹார்ட்வெல்லின் நாய்கள் சொன்னபடி முதலில் சலைன், பொட்டாசியம் சரிபார்ப்பு, ரைல்ஸ் டியூப், சிறுநீர் இறங்குகிறதா என்று பார்ப்பது. சில மணி நேரத்தில் உடம்பு தாங்கும் நிலைக்கு வந்த பிறகு தியேட்டர்.

வயிற்றை நடுக்கோட்டில் திறக்கிறார்கள் (பல இடங்களில் லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள்). உப்பிய குடலும் சுருங்கிய குடலும் சந்திக்கும் இடத்தில் கையில் கல் தட்டுப்படும். அங்கேயே வெட்டக்கூடாது. பல நாள் கல் அழுத்திய இடம் வீங்கி நைந்திருக்கும், அங்கே போட்ட தையல் நிற்காது. கல்லை மெதுவாக மேல்பக்கம், நல்ல குடல் இருக்கும் இடத்துக்கு நகர்த்தி, அங்கே நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்துவிட்டு, குறுக்குவாக்கில் தைக்கிறார்கள். நீளவாக்கில் தைத்தால் குடல் குறுகிவிடும். இந்தச் சின்ன ஜியோமெட்ரி எனக்கு மிகவும் பிடித்தது. வெட்டிய திசைக்குச் செங்குத்தாகத் தைத்தால் அகலம் கூடும், நீளம்தான் கொஞ்சம் குறையும். ஆறு மீட்டரில் அது ஒரு விஷயமே இல்லை. கல் நின்ற இடம் கறுத்துச் செத்திருந்தால் மட்டும் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இணைப்பார்கள்.

பிறகு ஒரு வேலை பாக்கி. மேலிருந்து கீழ்வரை மொத்தக் குடலையும் கையில் வாங்கி வாங்கித் தடவிப் பார்க்க வேண்டும், கடையில் புடவையை முந்தானையிலிருந்து விரித்து இழை பார்க்கிறவர் மாதிரி. எடுத்த கல்லின் ஒரு பக்கம் தட்டையாகப் பட்டை தீட்டினாற்போல இருந்தால் உஷார். அது இன்னொரு கல்லோடு உரசிக்கொண்டு கிடந்த கல். ஜோடி இன்னும் உள்ளே எங்கோ இருக்கிறது.

இங்கே வருகிற கேள்விதான் அறுவை மருத்துவர்கள் பல தலைமுறைகளாகச் சண்டை போட்ட கேள்வி. கல் எடுத்தாச்சு. மேலே பித்தப்பையும் அந்த ஓட்டையும் அப்படியே இருக்கின்றன. அதையும் இப்போதே சரிசெய்துவிட வேண்டாமா? எந்த எஞ்சினியரின் கையும் அரிக்கும். மூலக் காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் சரிசெய்வதா? லாங்கென்பூக்கின் வாதமும் அதுதானே, கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை உண்டாக்கும் பையையே எடுக்க வேண்டும்.

1994இல் ரெய்ஸ்னர், கோஹன் என்ற இருவர் வெளியான 1001 நோயாளிகளின் கதையைத் திரட்டிப் பார்த்தார்கள். கல்லை மட்டும் எடுத்தவர்களில் இறந்தவர்கள் 11.7 விழுக்காடு. அதே ஆபரேஷனில் பித்தப்பையையும் ஓட்டையையும் சேர்த்துச் சரிசெய்தவர்களில் 16.9. மறுபடி கல் வந்து அடைத்தது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இரண்டு குழுவும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பொதுவாகத் தெம்பானவர்களுக்குத்தான் பெரிய ஆபரேஷனைச் செய்ய டாக்டர்கள் துணிவார்கள். அப்படியிருந்தும் அந்தப் பக்கம் சாவு கூடுதல் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒட்டிக் கல்லாகிப் போன பித்தப்பையைப் பிரிப்பது மணிக்கணக்கான வேலை, பித்தநாளம் கிழியும் அபாயம் வேறு. முன்னால் சொன்ன 2004–2009 அமெரிக்கக் கணக்கில் எல்லா முறையும் சேர்த்து மரணம் 6.67 விழுக்காடு. கூர்வாசியேவின் 44இலிருந்து அங்கே வந்து சேர 120 வருஷம் ஆகியிருக்கிறது. இறங்கிய அந்த எண்ணில் சலைனுக்கும் மயக்க மருத்துவருக்கும் கிருமிக்கொல்லிக்கும் உள்ள பங்கு, எந்த ஒரு கெட்டிக்கார அறுவை முறைக்கும் உள்ள பங்கைவிடப் பெரிது என்பது என் கணிப்பு.

ஆகவே மாகறல் ஆயா மாதிரி எழுபது வயதில், நாலு நாள் வாந்தி எடுத்து, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற உடம்புக்கு இன்று பெரும்பாலான டாக்டர்கள் கல்லை மட்டும் எடுத்துவிட்டு வயிற்றை மூடிவிடுவார்கள். மேலே உள்ள ஓட்டை, உள்ளே வேறு கல் இல்லையென்றால், பலருக்குத் தானாகவே மூடிக்கொள்கிறது. திரும்ப வலி, காய்ச்சல் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வயது குறைந்தவர், உடம்பு உறுதியானவர், கையில் அனுபவம் உள்ளவர் என்றால் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது கடினம். ‘ஆபரேஷன் பண்ணிட்டு பித்தப்பைய ஏன் சார் விட்டுட்டீங்க’ என்று மகன் கேட்பார். எல்லாக் கல்லும் எடுத்தாச்சா என்று மருமகள் கேட்பார். எடுத்த கல்லைச் சின்ன டப்பாவில் போட்டு அவர்கள் கையில் கொடுப்பது நம் ஆஸ்பத்திரி வழக்கம். பழுப்பும் மஞ்சளுமாக, நெல்லிக்காய் அளவில், உடைந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். ஆயா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தால், அவருக்குப் பரிச்சயமான ஒரு பொருளின் பெயரைத்தான் சொல்வார்.